பெர்ச் பிடிக்கப் புறப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மார்ச் முதல் வாரத்தில் தேம்ஸ் ஆற்றுக்குத் தூண்டிலோடு போகப்போவதாகவும், பெர்ச் என்னும் நன்னீர் மீன் கிடைத்தால் குழம்பு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். குழம்பை மறந்துவிடுங்கள். இங்கிலாந்தின் ஆறுகளில் 20 செ.மீ.க்கு உட்பட்ட சிறிய பெர்ச்சை எடுத்துச் செல்லத்தான் விதி இடம் தருகிறது. அதற்கும் கரைக்கு உரியவரின் சம்மதம் வேண்டும். அந்த அளவு மீனில் முள்ளைத் தவிர ஒன்றும் தேறாது.

இது நம் ஊர்ப் பனையேறிக் கெண்டைதானா என்ற உங்கள் ஐயம் புதியதன்று. தரங்கம்பாடியில் பணியாற்றிய டால்டார்ஃப் என்னும் டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தாம் பிடித்ததாக எழுதி, 1797இல் அதைப் பெர்ச் இனத்தில் சேர்த்தே பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை வேறு குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள். தேம்ஸ் பெர்ச் பச்சை உடலில் கறுப்புப் பட்டைகளும் சிவந்த அடித்துடுப்புகளும் கொண்டது. அதன் முன் முதுகுத்துடுப்பு முழுக்க முள், செவுள் மூடியின் ஓரத்திலும் ஒரு முள் உண்டு.

குளிர்காலக் கடைசியில் இதைத் தேடிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பெர்ச் நாடா போன்ற முட்டைச் சரத்தை நீர்ச்செடிகளில் சுற்றிவிடும். அதற்கான சினை குளிர்காலம் முழுவதும் வயிற்றில் வளர்ந்து, மார்ச்சில் பெண் மீன் ஆண்டிலேயே அதிக எடையோடு இருக்கும். பெரிய மீன் பிடிக்க விரும்புவோருக்கு இதுவே நல்ல காலம். ஆனால் நம் கையில் வருவது சினை மீன் என்பதால், அதை அதிக நேரம் தண்ணீருக்கு வெளியே வைத்துப் படம் எடுப்பது எனக்கு உடன்பாடில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை. மழைநீர் வடிந்து ஆறு மெல்லத் தெளியும் நாளில், ஓட்டம் மிகுந்த நடு ஆற்றை விட்டுவிட்டு, கட்டிப்போட்ட படகுகளின் நிழல், சாய்ந்த மரத்தின் வேரடி, வளைவுக்குப் பின்னால் நீர் சுழன்று தேங்கும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். சிறு மீன்கள் வெள்ளத்துக்கு ஒதுங்கும் இடங்கள் அவை; பெர்ச் அவற்றின் பின்னாலேயே போகும். அது கண்ணால் இரை தேடும் மீன் என்பதால், கலங்கிய நீரில் உட்காருவது வீண். நடுப்பகலில் ஒன்றும் அசையாவிட்டாலும் எழுந்துவிடாதீர்கள். வெளிச்சம் மங்கும் கடைசி அரைமணி நேரத்துக்காகவே நான் நாள் முழுவதும் உறைந்திருக்கிறேன்.

இரைக்குத் தடித்த மண்புழுவோ கடையில் வாங்கிய இறாலோ போதும். தக்கை ஒருமுறை அமிழ்ந்து மேலே வந்து, பிறகு நகரத் தொடங்கியதும் இழுத்துவிட வேண்டும். முதல் ஆண்டில் நான், நம் குளத்துக் கெளுத்திக்குக் காத்திருந்த பழக்கத்தில், தக்கை முழுவதும் மறையட்டும் என்று பொறுத்திருந்தேன். பெர்ச்சின் வாய் பெரியது. இரையை நேரே தொண்டைக்குள் இறக்கிவிடும். தூண்டில் முள்ளை எடுப்பதற்குள் செவுளிலிருந்து இரத்தம் வழிந்து, விட்ட மீன் மல்லாந்தபடியே ஓட்டத்தில் போயிற்று. வயிறு உப்பிய பெண் மீன் அது. அன்றிலிருந்து எளிதில் கழலும்படி எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளும் நீண்ட இடுக்கியும் இல்லாமல் நான் கரையில் உட்காருவதில்லை. நீங்களும் இரண்டையும் வாங்கிய பிறகே புறப்படுங்கள்.

இதே மீன் கொள்ளைநோயில் மடிந்ததைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1976இல் இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் வளர்ந்த பெர்ச்சுகளில் ஏறக்குறைய 98 விழுக்காடு அழிந்தன. கரையில் வயதானவர் யாராவது உங்கள் மீனை உற்றுப் பார்த்தால், அதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

தூண்டில் உரிமம் கையில் இருக்கட்டும். மார்ச் 15 முதல் ஜூன் 15 முடியும் வரை ஆற்றில் இந்தத் தூண்டிலுக்கு இடமில்லை. நீங்கள் வரும் காலையில் படகுகளை ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டியில் (lock) அவற்றுக்கு எச்சரிக்கையாகச் சிவப்புப் பலகை வைத்திருந்தால், ஓட்டம் கடுமை என்று பொருள். கரையில் இறங்காமல் நேரே என் வீட்டுக்கு வந்துவிடுங்கள். குளிர்பெட்டியில் வஞ்சிரம் இருக்கிறது, குழம்பு அதில் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்