“எல்லாம் நார்மல்” என்று வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்களுக்கு

சிங்கப்பூர் மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இதயப் பிரிவிலும் பணியாற்றும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். எனக்கு மாரடைப்பு இல்லை என்று நீங்கள் சொன்னதை நம்புகிறேன். என் கேள்வி அதற்கு அடுத்தது. அப்படியானால் இந்த நெஞ்சு வலி என்ன? அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு யாருடையது?

எனக்கு 48 வயது. சர்க்கரை இல்லை. இரத்த அழுத்தம் மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. ஓராண்டுக்கும் மேலாக நடு நெஞ்சில் ஒரு வலி வந்து போகிறது. படி ஏறும்போதோ சந்தைப் பையைத் தூக்கும்போதோ வருவதில்லை. பெரும்பாலும் விடியற்காலையில், படுத்திருக்கும்போதுதான் வரும். அழுத்திப் பிடிக்கும், சில நாள் தாடை வரைக்கும் ஏறும். கால் மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். 995-ஐ அழைத்து ஆம்புலன்ஸில் உங்களிடம் வந்து சேரும்போது வலி போயிருக்கும்.

அப்புறம் நடப்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஈசிஜி, மார்பு எக்ஸ்ரே, ட்ரோப்போனின் இரத்தப் பரிசோதனை, சில மணி நேரம் கழித்து மறுபடியும் ட்ரோப்போனின். பிறகு ஓர் இளம் மருத்துவர் வந்து, “ஆன்ட்டி, எல்லாம் நார்மல், வீட்டுக்குப் போகலாம்” என்பார். நல்ல பிள்ளைகள்தான், இரவெல்லாம் ஓடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து இருக்கிறதா என்று பார்ப்பது அவசரப் பிரிவின் வேலை, அதை நன்றாகவே செய்கிறீர்கள்.

சிக்கல் அதன்பின் தொடங்குகிறது. இதயப் பிரிவில் சிடி ஆஞ்சியோகிராம், அதாவது இதய இரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன், எடுத்தார்கள், அடைப்பு இல்லை. “இதயம் சரி, வயிற்றைப் பாருங்கள்” என்று பலதுறை மருந்தகத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரை கொடுத்தார்கள். வாரக்கணக்கில் சாப்பிட்டும் மாற்றமில்லை. உணவுக்குழாயைக் கேமரா விட்டுப் பார்த்தார்கள், அதுவும் சுத்தம். கடைசியில், “வீட்டில் ஏதாவது மன உளைச்சலா?” என்று கேட்டார்கள். மன உளைச்சல் இல்லாத வீடு எங்கள் ஈசூன் வட்டாரத்தில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! திடீர்ப் பதற்றத்தால் நெஞ்சு வலி வரும் என்பதை நான் மறுக்கவில்லை. அதுதான் காரணம் என்றால் அதையும் ஒரு நோயாக எடுத்துக்கொண்டு, முறையாகக் கண்டறிந்து, மருத்துவம் சொல்லுங்கள். வேறு எதுவும் கிடைக்கவில்லை என்பதற்காக அந்தப் பெயரை வைக்காதீர்கள்.

ஒவ்வொரு பரிசோதனையும் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பாதி குழப்பம் குறைந்திருக்கும். இதயத்தில் அந்த நேரத்தில் ஓடும் மின்னோட்டத்தைத்தான் ஈசிஜி பதிவு செய்கிறது. வலி போன பிறகு எடுத்தால் அது சரியாக இருப்பதில் வியப்பில்லை. இதயத் தசைக்குச் சேதம் ஏற்பட்டால்தான் ட்ரோப்போனின் இரத்தத்தில் ஏறும். சேதம் இல்லாமலே இரத்த ஓட்டம் சற்று நேரம் குறைந்து திரும்பலாம். சிடி ஆஞ்சியோகிராமில் பெரிய குழாய்கள் தெரியும். தசைக்குள் ஓடும் நுண்ணிய குழாய்கள் தெரியாது. பெரிய குழாயே திடீரென இறுகிப் பின் தளர்ந்திருந்தாலும், தளர்ந்த நேரத்தில் எடுத்த படத்தில் அது தெரியாது.

இப்படிக் குழாய் இறுகுவதால் வரும் வலியை மைரன் பிரின்ஸ்மெட்டல் என்ற அமெரிக்க மருத்துவர் 1959-லேயே விவரித்திருக்கிறார். ஓய்வில் இருக்கும்போது, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் காலைக்கும் இடையில் வருவது அதன் குணம். எனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். ஆனால் வலி எந்த நேரத்தில் வருகிறது என்று என்னிடம் யாரும் நின்று கேட்கவில்லை. இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் சிலருக்கு இந்த இறுக்கத்தைக் கூட்டலாம். என் இரத்த அழுத்த மாத்திரை அந்த வகைதான். நானாக அதை நிறுத்தவில்லை, சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஆனால் என் மாத்திரைப் பட்டியலையும் என் வலியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டாமா?

உணவுக்குழாயும் இப்படி இறுகும். நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை இரண்டையுமே தளர்த்தும் என்பதால், அதில் வலி குறைந்தது என்பதை வைத்து மட்டும் இதயமா உணவுக்குழாயா என்று முடிவு செய்ய முடியாது. விலா எலும்பின் குருத்தெலும்பு வீங்கினாலும் நெஞ்சு வலிக்கும், அதைப் பார்க்க அழுத்திப் பார்த்தாலே பாதி தெரியும். எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் பழைய குடும்ப மருத்துவர் ஒருவர்தான் அப்படி அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. ஒரு காரணம் கழிந்தது, அதுவே பெரிய நிம்மதி.

அடைப்பு இல்லாமல் வரும் நெஞ்சு வலியைக் கண்டறியவும் பரிசோதனைகள் இருக்கின்றன. இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழல் விட்டுச் செய்யும் ஆஞ்சியோகிராமின்போதே அசிட்டைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்தி, குழாய் இறுகுகிறதா என்று பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் நடந்து 2018-ல் வெளியான கோர்மிக்கா ஆய்வில், இப்படிச் சோதித்து, முடிவுக்கு ஏற்ற மருந்து கொடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வலி குறைந்திருந்தது. எல்லோருக்கும் இந்தச் சோதனை வேண்டும் என்று கேட்கவில்லை, அதற்கும் ஆபத்தும் செலவும் உண்டு. வலி திரும்பத் திரும்ப வருகிறவரிடம் இப்படி ஒரு வழி இருக்கிறது என்றாவது சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் மூன்று வரி கூடுதலாக எழுத முடியுமா? எதெல்லாம் இல்லை என்று உறுதியானது, எதை இன்னும் பார்க்கவில்லை, வலி மறுபடி வந்தால் அடுத்து யார் எதைப் பார்க்க வேண்டும் என்று. 2023-இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசு நலத் திட்டத்தில் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஆளுக்கொரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். தடுப்பூசிக்கும் கொழுப்புக்கும் பயன்படும் அந்த ஏற்பாட்டில் விடை கிடைக்காத ஒரு வலியையும் சேர்த்துக்கொள்ளலாம். கோப்பு ஒருவர் கையில் இருந்தால் போதும், மற்றவர்களிடம் நான் போய் வருகிறேன்.

இன்னொன்று. எங்கள் வீடுகளில் எந்த நெஞ்சு வலிக்கும் முதலில் கிடைப்பது வாயு என்ற பெயரும் ஓமத் தண்ணீரும்தான். தெற்காசியர்களான எங்களுக்கு இதய நோய் இளம் வயதிலேயே வருகிறது என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். வியர்த்துக்கொட்டி, மூச்சு முட்டி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி என்றால் காத்திருக்காமல் 995-ஐ அழைக்க வேண்டும். ஆனால் ஒன்றுமில்லை என்று சில முறை கேட்டுவிட்டுத் திரும்பியவர் அடுத்த முறை கூச்சப்பட்டு வீட்டிலேயே படுத்துக்கொள்வார். என் பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான், “திரும்பவும் போனால் சிரிப்பார்கள்” என்கிறார். வலி வந்தால் எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் அவர் வருவார்.

அடுத்த மாதம் எனக்கு மறுபடியும் இதயப் பிரிவில் சந்திப்பு இருக்கிறது. வலி வந்த தேதி, நேரம், எவ்வளவு நேரம் இருந்தது, அன்றைக்குச் சாப்பிட்டது, போட்ட மாத்திரை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். கொண்டுவருகிறேன், இரண்டு நிமிடம் புரட்டிப் பாருங்கள். முதலில் அந்த பீட்டா பிளாக்கரைப் பற்றித்தான் கேட்பேன்.

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு நோயாளி