டைல்ஸ் பெட்டியை இப்போதைக்குப் பிரிக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். சாம்பல் நிற டைல்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவுக்கு அந்தக் கறுப்புப் பட்டை பிடிக்கவில்லையாம். அவருக்கு எதுதான் பிடித்திருக்கிறது, விடு.

குளியலறையை நீயே இடித்து நீயே கட்டப்போகிறாய் என்றதில் எனக்கு ஒன்றும் பயமில்லை. உனக்குக் கைவேலை வரும். ஆனால் நீ எழுதியதில் முக்கால்வாசி டைல்ஸ், ஷவர், கண்ணாடி பற்றித்தான். தண்ணீர் எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகப்போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கட்டட வேலையை மேற்பார்த்தே காலம் தள்ளியவள் நான். ஒப்படைத்த பிறகு வந்த புகார்களில் குளியலறைக் கசிவும் சுவர் ஓதமும்தான் அதிகம். டைல்ஸ் நிறம் சரியில்லை என்று ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

முதலில் ஒன்று. உங்கள் வீட்டில் இருப்பது ஒரே குளியலறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் பெயர்த்துப் போட்டுவிட்டால் பாப்பாவை வைத்துக்கொண்டு உன் மனைவி எங்கே போவாள்? கம்மோடைக் கடைசியாகக் கழற்று. தரை வேலை நடக்கும் நாட்களுக்கு மாற்று இடம் பேசி வைத்துவிட்டு உளியைக் கையில் எடு. தெரிந்தவர்கள் செய்தாலும் இந்த வேலை நினைத்ததைவிட இழுக்கும். பூச்சு காயவேண்டும், ஓதக்காப்புப் பூச்சு காயவேண்டும், ஒட்டுக்கலவை இறுகவேண்டும். இதில் எதையும் நீ அவசரப்படுத்த முடியாது.

இடிப்பதற்கு முன் மெயின் வால்வை மூடு. மூடிய பிறகு குழாயைத் திறந்து வைத்துப் பார். பழைய வால்வு பாதிதான் மூடும். கம்மோடைக் கழற்றியதும் அந்த ஓட்டையில் கிழிசல் துணியைச் சுருட்டி அடைத்து, துணியில் ஒரு கயிறு கட்டி வெளியே விட்டு வை. இல்லாவிட்டால் நாற்றமும் வரும், உடைந்த சில்லுகளும் குழாய்க்குள் போய் உட்காரும். துணியே உள்ளே போய்விட்ட கதையும் உண்டு, கயிறு அதற்குத்தான்.

முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு டைல்ஸ் உடைக்காதே. அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொடி, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. N95 முகமூடி போடு, தண்ணீர் தெளித்துத் தெளித்து உடை, கிரைண்டர் பிடிக்கும்போது கண்ணாடி போடு. வீடு ரொம்பப் பழையது என்று சொன்னாய். பழைய தரை விரிப்புகளிலும் அவற்றை ஒட்டிய கறுப்புப் பசையிலும் மேற்கூரை ஷீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சந்தேகமாக இருந்தால் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத் தொடு. இடிசலை மூட்டையில் பாதி வரைக்கும்தான் நிரப்பு. இடுப்பு உன்னுடையது.

பழைய டைல்ஸ் மேலேயே புதுசை ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். சுவரில், பழையது உறுதியாக இருந்தால், ஒட்டலாம். அதற்கென்று ஒட்டுக்கலவை இருக்கிறது. தரையில் வேண்டாம். தரை உயர்ந்து கதவு இடிக்கும், தண்ணீர் வாசலைத் தாண்டி வெளியே வரும். அதைவிட முக்கியம், அடியில் ஏற்கெனவே கசிவு இருந்தால் அதை மூடி வைத்து மேலே அலங்காரம் பண்ணியதாகிவிடும்.

இனி குழாய். சுடுதண்ணீர் லைனுக்குச் சாதாரண பிவிசி போடாதே, சூட்டில் தளர்ந்துவிடும். சிபிவிசி போடு. இணைக்கும்போது குழாய் நுனியைத் துடைத்து, பசை தடவி, உள்ளே தள்ளிக் கால் சுற்று திருப்பி, அரை நிமிடமாவது அசையாமல் பிடித்துக்கொள். பசை நன்றாக இறுகிய பிறகு எல்லா முனைகளையும் அடைத்து, லைனில் முழு அழுத்தத்தில் தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி வை. ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரை ஒரு சுற்று சுற்றி வைத்துவிட்டுத் தூங்கப் போ. காலையில் எந்தப் பேப்பர் நனைந்திருக்கிறதோ அந்த இணைப்பை வெட்டிப் புதிதாகப் போடு. மேலே பசை பூசிச் சரிக்கட்டப் பார்க்காதே.

குழாய்க்காகச் சுவரில் வெட்டிய காடியை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் டேப்பைப் பிடித்தபடி படம் எடுத்து வை. தரையிலிருந்து எவ்வளவு உயரம், மூலையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது படத்தில் தெரிய வேண்டும். நாளைக்குக் கண்ணாடி மாட்டத் துளை போடும்போது அந்தப் படம் இல்லாமல் டிரில்லைத் தொடாதே.

கழிவுநீர்க் குழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராப், அதாவது தண்ணீர் தங்கும் வளைவு, வேண்டும். அந்த வளைவில் 5 சென்டிமீட்டர் அளவுக்காவது தண்ணீர் நிற்க வேண்டும். சாக்கடை வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். ஊருக்குப் போய்விட்டு வந்தால் குளியலறை நாறுகிறது என்கிறார்களே, பெரும்பாலும் அது காய்ந்துபோன டிராப். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

இப்போது வாட்டம். நான் எழுத வந்ததே இதற்கும் இதற்கு அடுத்ததற்கும்தான். தரை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வடிகால் துளையை நோக்கிச் சரிய வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் இறக்கம். குளிக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம், 2 சென்டிமீட்டர் வரை. அதற்கு மேல் போனால் நிற்கும்போது காலுக்கே தெரியும். துளையிலிருந்து சுவருக்கு நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, நான்கு மூலைக்கும் தனித்தனியாக அடையாளம் போடு. கலவை இறுகியதும் எல்லா மூலையிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பார். எங்கேயாவது கையகலம் தேங்கினால் அப்போதே சரிசெய். டைல்ஸ் ஒட்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், ஒட்டுக்கலவையைத் தடிமனாகப் போட்டு வாட்டம் தேடுவாய். அது இறுகும்போது சுருங்கி டைல்ஸை இழுத்துக்கொண்டு போகும்.

தலைப்பில் பெட்டியைப் பிரிக்காதே என்று எழுதியது இதனால்தான். தரைக்கும் சுவருக்கு எடுத்த அதே பெரிய டைல்ஸையே எடுத்திருக்கிறாய் போலிருக்கிறது. 60 சென்டிமீட்டர் டைல்ஸ் வளையாது. நான்கு பக்கமும் ஒரு துளையை நோக்கிச் சரியும் தரையில் அதை மூலைவிட்டமாக வெட்டி ஒட்ட வேண்டிவரும், அந்த வெட்டு முதல்முறை செய்பவருக்குச் சுலபமில்லை. அதோடு அது பளபளப்பு. ஈரக்காலோடு பாப்பா ஓடிவரும் இடத்தில் பளபளப்பு எதற்கு? பெரியதைச் சுவருக்கு வைத்துக்கொண்டு, தரைக்கு வாங்கியதைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துச் சின்னதாக வாங்கு. இடைவெளிக் கோடுகள் அதிகம் இருந்தால் காலுக்குப் பிடிமானமும் அதிகம்.

பெட்டியில் வழுக்குத் தரம் போட்டிருக்கும். எண்ணெய் பூசிய சரிவில் ஆளை நடக்கவிட்டு, எத்தனை டிகிரியில் வழுக்குகிறது என்று பார்த்துக் கொடுப்பது அது. ஆர் 9 என்றால் 6 முதல் 10 டிகிரி, ஆர் 10 என்றால் 10 முதல் 19, ஆர் 11 என்றால் 19 முதல் 27. இது செருப்புக்காலுக்கு. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று தனித்தரம் உண்டு. குளிக்கும் இடத்துக்குப் பி. தரைக்கு ஆர் 10-க்குக் கீழே எடுக்காதே. வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் எண் இருக்கிறதா என்று பார்த்துப் பத்து சதவீதம் கூடுதலாக எடு.

அடுத்தது ஓதக்காப்பு. டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் டைல்ஸுக்கு நடுவில் இருக்கும் சிமெண்ட் கிரவுட் தடுக்காது. தடுக்கவேண்டியது அடியில் இருக்கும் பூச்சு. பொடியும் திரவமுமாக இரண்டு பாகமாக வருவதை வாங்கிக் கலந்துகொள். முதல் கையை, அதாவது முதல் பூச்சை, நீளவாக்கில் அடி. காய்ந்ததும் இரண்டாவது கையைக் குறுக்கே அடி, அப்போதுதான் தூரிகை விட்ட இடங்கள் மூடும். சுவரும் தரையும் சேரும் மூலைகளிலும், குழாய் வெளிவரும் இடங்களிலும், வடிகாலைச் சுற்றியும் முதல் கை ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை நாடாவை வைத்து அழுத்து. கசிவு தொடங்குவது எப்போதும் இந்த ஓரங்களில்தான், நடுத்தரையில் நான் பார்த்ததே இல்லை. சுவரில் ஒரு சாண் உயரமாவது ஏற்று. ஷவர் இருக்கும் சுவரில் தலைக்கு மேல் வரை.

காய்ந்த பிறகு வடிகால் துளையை இறுக்கமாக அடை. வாசலில் சின்னதாக ஒரு வரப்புக் கட்டு. ஒரு அங்குலம் தண்ணீர் தேக்கு. சுவரில் பென்சிலால் நீர்மட்டத்தைக் கோடு போடு. பக்கத்தில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் ஒரு கோடு போடு. ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள், கதவை மூடிவிட்டுப் போ. இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால் ஆவியாகப் போனது. தரையில் மட்டும் அதிகம் குறைந்திருந்தால் எங்கோ போயிருக்கிறது. கீழ்வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து அவர்கள் கூரையையும் ஒருமுறை போய்ப் பார். இந்தச் சோதனையில் தேறாமல் ஒரு டைல்ஸ்கூட ஒட்டாதே. இப்போது திருத்துவது ஒரு தூரிகை வேலை. பிறகு என்றால் மறுபடியும் உளி.

ஒட்டும் வேலையை நீ ரசித்துச் செய்வாய். ஆனால் சுவரின் அடிவரிசையிலிருந்து ஆரம்பிக்காதே. தரை மட்டமாக இருக்காது. இரண்டாவது வரிசையின் மட்டத்தில் நேரான பட்டையை, ஓதக்காப்புப் பூச்சில் ஆணி அடிக்காமல் அடியில் முட்டுக் கொடுத்து நிறுத்தி, அதன்மேல் ஏற்றிக்கொண்டே போ. அடிவரிசையைக் கடைசியில் அளந்து வெட்டிப் போடு. ஒட்டுவதற்கு முன் டைல்ஸை வெறுமனே அடுக்கிப் பார். ஓரத்தில் விரலளவு துண்டு மிஞ்சுகிறது என்றால் நடுக்கோட்டை அரை டைல்ஸ் நகர்த்து.

கலவையைப் பல் கரணையால் ஒரே திசையில் நேர்க்கோடுகளாகச் சீவு. சுழற்றிச் சுழற்றி இழுத்தால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். டைல்ஸை வைத்து, கோடுகளுக்குக் குறுக்கே அசைத்து அழுத்து. முதல் இரண்டு மூன்று டைல்ஸை உடனே பெயர்த்து முதுகைப் பார். மூலை உட்பட முழுக்கக் கலவை பிடித்திருக்க வேண்டும். நனையும் இடத்தில் 95 சதவீதம் என்பது கணக்கு. அங்கங்கே உருண்டை வைத்து அமுக்குவார்களே, அந்த வேலை வேண்டவே வேண்டாம். காலியிடத்தில் தண்ணீர் தங்கும். சுவரில் பூசிய கலவையை விரலால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்துவிட்டால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசு. மறுநாள் கரணைப் பிடியால் ஒவ்வொன்றையும் தட்டிப் பார். "டொக்" என்று வெற்றுச் சத்தம் வந்தால் உள்ளே காலி.

கிரவுட்டை ஒரு நாள் விட்டுப் போடு. சுவரும் தரையும் சேரும் மூலையில் மட்டும் கிரவுட் வேண்டாம், சிலிகான் அடி. இரண்டும் தனித்தனியாக அசையும் இடம் அது, கிரவுட் விரிசல் விட்டுவிடும். முடிந்த பிறகு கறை போகட்டும் என்று ஆசிட் ஊற்றாதே, கிரவுட்டை அரித்துவிடும். ஆசிட்டோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், கதவை மூடிக்கொண்டு அந்த அறைக்குள் நிற்க முடியாது.

கரண்ட் வேலையை மட்டும் நீ தொடவேண்டாம். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. 30 மில்லிஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி அந்த லைனுக்கு இருக்கிறதா என்று கேள். ஷவர் பக்கத்தில் பிளக் பாயிண்ட் வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பிவிடு.

கைப்பிடி இரண்டுக்கு இடம் விட்டு வை. கம்மோட் பக்கத்தில் ஒன்று, ஷவரில் ஒன்று. ஒரு ஆள் முழு எடையோடு தொங்கினாலும் தாங்கவேண்டும். செங்கல் அல்லது கான்கிரீட்டில் ஆங்கர் போட்டு முடுக்கு, பொள்ளலான தடுப்புச் சுவர் என்றால் உள்ளே கட்டை கொடுத்துவிட்டு மூடு. அப்பாவிடம் கேட்டால் எனக்கெதற்கு என்பார். கேட்காதே.

கடைசியாக, நீ பார்த்து வைத்திருக்கும் கம்மோடை இன்னும் ஆர்டர் செய்யவில்லைதானே? செய்யாதே. பழையதைக் கழற்றும்போது ஓட்டையின் நடுவிலிருந்து பின்சுவர் வரைக்கும் அளந்து எனக்கு அனுப்பு. சுவரை அப்போது உரித்திருந்தால், பூச்சு, கலவை, டைல்ஸ் மூன்றின் தடிமனையும் கூட்டி அந்த அளவிலிருந்து கழித்துக்கொள். புதுசின் அளவு முடிந்த சுவரிலிருந்துதான் போட்டிருப்பார்கள். ஓட்டை தரையிலா சுவரிலா என்பதையும் எழுது. அளவு வந்ததும் அது பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா