டிராக்கை இறுக்கும் முன்

சட்பரி, ஒன்ராறியோ

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. மகளின் பரீட்சை, என் இரவு வேலை என்று பதில் தள்ளிப்போனது, குறை நினைக்காதே. அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது.

சரி, பனியில் ஓட்டும் உன் ஸ்னோமொபைல் வண்டிக்கு வருகிறேன். வேகம் கூட்டும்போது அடியில் ‘டக் டக்’ என்று அடிக்கிறது என்கிறாய். பழைய வண்டியில் அது பெரும்பாலும் டிராக், அதாவது அடியில் சுற்றி வண்டியைத் தள்ளும் அகலமான ரப்பர் பட்டி, தொய்ந்த சத்தம். முன்னாலிருக்கும் பல்சக்கரம் டிராக்கின் உட்பக்கக் கட்டைகளில் பிடிபடாமல் தாண்டுகிறது. ஊரில் நம் சைக்கிள் செயின் தொய்ந்தால், எழும்பி நின்று மிதிக்கும்போது பல் தாண்டுமே, அதேதான்.

ஆனாலும் உடனே ஸ்பேனரை எடுக்காதே. போன வருடம் எனக்கும் அடியில் சத்தம் கேட்டது, கரகரவென்று. தொய்வு என்று நினைத்து மூன்று தடவை இறுக்கினேன். பழுதாகியிருந்தது ஒரு சிறு சக்கரத்தின் பேரிங். வானபிடே ஏரியில் பனித்தூள் இல்லாத வெறும் ஐஸில் போனபோது அது உடைந்தது. டிராக் உரசிப் போகும் பிளாஸ்டிக் பட்டைக்கு வழுக்கலும் குளிர்ச்சியும் தருவது பனித்தூள்தான். அதுவும் இல்லை, டிராக்கும் விறைப்பு. பட்டை உருகி, டிராக்கின் இரும்புக் கிளிப்புகளில் கறுப்பு மெழுகாக ஒட்டியிருந்தது. மைனஸ் 25 பாகையில் கரைக்கு நடந்து வந்தேன்.

அதனால் முதலில் வண்டியின் பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வை. உள்ளே உறைந்திருக்கும் ஐஸைத் தட்டி எடு. ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்று. கரகரத்தால் பேரிங்கை மாற்றாமல் மேலே போகாதே. அப்புறம் டிராக்கின் கீழ்ப்பகுதியை நடுவில் பிடித்துக் கீழே இழுத்து, பிளாஸ்டிக் பட்டைக்கும் டிராக்குக்கும் இடையிலுள்ள இடைவெளியை அள. என் வண்டியின் கையேட்டில் 7.3 கிலோ இழுப்புக்கு 40 முதல் 50 மில்லிமீற்றர். உன்னுடையது வேறாக இருக்கலாம், பார்த்துச் செய்.

பின் அச்சின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, இரண்டு பக்க அட்ஜஸ்டர்களையும் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பு. பிறகு எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, டிராக் நடுவில் ஓடுகிறதா என்று பார். எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இறுக்கு. டிராக் தொய்ந்த பக்கத்துக்குத்தான் போகும். நிறுத்தும்போது பிரேக் பிடிக்காதே, தானாக ஓய விடு. முடிந்ததும் அச்சுப் போல்ட்டை இறுக்கி, இடைவெளியை மறுபடி அள. ஓடும் டிராக்குக்குப் பின்னால் மட்டும் நிற்காதே மச்சான், பிள்ளைகளையும் நிற்க விடாதே. கல்லோ ஐஸோ தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

இந்தப் பல்சக்கரமும் டிராக்கும் சேர்ந்த அமைப்புக்கு 1937இல் காப்புரிமை வாங்கியவர் கியூபெக்கின் ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே. அதற்கு மூன்று வருடம் முன்பு, பனி மூடிய பாதையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் இரண்டு வயது மகனைப் பறிகொடுத்தவர். யுத்தத்தில் பாதை மூடிய ஊரில் வளர்ந்த உனக்கும் எனக்கும் அதை யாரும் விளக்கத் தேவையில்லை. டிராக்கைத் துடைக்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் நினைவு வரும்.

பேரிங் போயிருந்தால் அதன் வளையத்தில் பொறித்திருக்கும் இலக்கத்தை எழுது. என்னிடம் புதிது இரண்டு இருக்கிறது. பொருந்தினால் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்