முத்துலட்சுமி ரெட்டி கண்காட்சிக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம். கண்காட்சி முடிந்து பத்து நாள் ஓடிவிட்டது, இப்போதுதான் நன்றி சொல்ல வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பேனர்களைச் சுருட்டிப் பரண்மேல் ஏற்றி, வாங்கிய நாற்காலிகளை எண்ணித் திருப்பிக் கொடுத்து, அப்புறம் இரண்டு நாள் தூங்கி எழுந்தபிறகுதான் எழுத உட்கார முடிந்தது.

தொடங்கும்போது என் கையில் இருந்தது இரண்டு பக்கக் குறிப்பு. 1886-ல் நம்ம புதுக்கோட்டையில் பிறந்தார், மகாராஜா கல்லூரியில் பையன்களோடு படித்த முதல் பெண், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார், பிறகு அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் வருடா வருடம் கேட்கிற அதே வரிசைதான். நடுவில் 'சென்னை மாகாணச் சட்டமன்றத்திலும் இருந்தார்' என்று ஒரே ஒரு வரி. அந்த வரிக்குள் என்ன இருந்தது என்று காட்டவே இந்தக் கண்காட்சி. நீங்கள் யாரும் வந்திருக்காவிட்டால் அது வரியாகவே கிடந்திருக்கும்.

முதல் நன்றி, பழைய சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தேடி எடுத்துக் கொடுத்த நூலகர் அம்மாவுக்கு. நான் கேட்டது ஒரு தொகுதி, அவர் மேசையில் கொண்டுவந்து வைத்தது எத்தனையோ. 'அவங்க ஒரு விஷயத்துக்கு மட்டும் பேசினவங்க இல்லைப்பா, முழுசாப் பாரு' என்றார். பார்த்தேன். மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, குழந்தைகளுக்குத் தனி மருத்துவமனை, பெண்ணின் திருமண வயது என்று எதையும் விடவில்லை. இத்தனைக்கும் அவர் தேர்தலில் நின்று வந்தவரில்லை, இந்திய மாதர் சங்கம் பரிந்துரைத்து நியமன உறுப்பினராக வந்தவர், வைத்தியத் தொழில் கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கியவர். வந்த கையோடு 1927-ல் அவையின் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அடுத்து வருவாய்த் துறையில் இருந்து ஓய்வுபெற்ற மாமா. இவர் இல்லையென்றால் 1929 சட்டத்தை நான் தப்பாகவே எழுதியிருப்பேன். 'தேவதாசி முறையை 1929-ல் ஒழித்தார்' என்று பேனர் அச்சுக்கே போகத் தயாராக இருந்தது. மாமா அரை நாள் உட்கார வைத்து இனாம் நிலம் என்றால் என்ன என்று பாடம் நடத்தினார். கோயிலில் ஊழியம் செய்கிறவருக்கு மானியமாக நிலம், ஊழியம் நின்றால் நிலமும் போகும். அப்படியென்றால் சாப்பாட்டுக்கு வழி வேண்டுமானால் அடுத்த தலைமுறைப் பெண்ணுக்கும் பொட்டுக் கட்டியாக வேண்டும், அதாவது அவளையும் கோயிலுக்கென்று தேவதாசியாக நேர்ந்துவிட வேண்டும். 1929-ல் வந்த திருத்தம் இந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது: ஊழியத்தை விட்டாலும் நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கும். வெறும் தடை போட்டுவிட்டுப் போகாமல் முதலில் சோற்றுக்கு வழி பார்த்த அந்தப் புத்தியை நினைத்து நினைத்து வியக்கிறேன். பொட்டுக் கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார், அதே வருடம் காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியை விட்டு விலகினார், அந்தத் தடை சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாகஸ்வரக் குடும்பத்துப் பாட்டி ஒருவருக்கும் நன்றி, நன்றியோடு கொஞ்சம் மன்னிப்பும். முதல் வரைவைப் படித்துக் காட்டியபோது, 'எங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் அழுதுகிட்டே இருந்த மாதிரி எழுதியிருக்கியே தம்பி' என்று கேட்டார். சுருக்கென்றது. சந்திரம்மாள், முத்துலட்சுமியின் அம்மா, தேவதாசி மரபு இருந்த இசை வேளாளர் குடும்பம்தான். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உள்ளிருந்தே ஒழிப்புக்காகப் போராடினார், இன்னொரு பக்கம் தேவதாசிப் பெண்களே சங்கம் வைத்து எதிர்த்து மனுவும் கொடுத்தார்கள். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். பாட்டி சொல்லியிராவிட்டால் ஒன்றுதான் இருந்திருக்கும்.

பிழை பார்த்த நண்பனுக்கு நன்றி சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் 'முதல்'களில் பாதியை அடித்துவிட்டான். 'இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்' என்று எழுதியிருந்தேன். ஆனந்திபாய் ஜோஷியும் கடம்பினி கங்கூலியும் 1886-லேயே டாக்டர்கள், இவர் பிறந்ததே அந்த வருடம்தான், பொறந்த அன்னைக்கே டாக்டரா என்று கேட்டான். தேவதாசி முறை ஒழிப்பை எதிர்த்த காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு இவர் கொடுத்ததாக எல்லோரும் சொல்லும் அந்தச் சூடான பதிலடியையும் எடுக்கச் சொன்னான், நாங்கள் புரட்டிய பக்கங்களில் அது இல்லை. மனசே இல்லாமல் எடுத்தேன். சத்தியமூர்த்தி எதிர்த்தது மட்டும் பேனரில் இருக்கிறது.

இடம் தருவதாகச் சொன்ன ஒரு மண்டபம் நான்கு நாள் முன்னால் கைவிரித்தது. அதைப் பற்றி வேறெதுவும் சொல்லப் போவதில்லை. தன் பள்ளிக்கூட வகுப்பறை மூன்றைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும், பெஞ்சு இழுத்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும், ராத்திரியெல்லாம் முழித்து அச்சடித்துப் பாதிப் பணம் மட்டும் வாங்கிக்கொண்ட அச்சக அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறேன். பணம் அனுப்பியவர்கள் பெயர் வேண்டாம் என்றார்கள், சரி. கணக்கைத் தனியாக அனுப்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் மதியம் ஏழாம் மாதமோ எட்டாம் மாதமோ இருக்கும் ஒரு பெண், மாமியாரோடு வந்தார். ரொம்ப நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, 'பிரசவத்துக்குப் பணம் தர்றாங்களே, அந்த முத்துலட்சுமி ரெட்டி இவங்கதானா? நான் ஏதோ பழைய மந்திரின்னு நினைச்சேன்' என்றார். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது நானில்லை, பெஞ்சு இழுத்த பிள்ளைகளில் ஒருத்தி. இனாம் நிலம் வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அதைக் கேட்க மாமாதான் அப்போது அங்கே இல்லை.

பதினான்கு பேனரும் நன்றாக இருக்கின்றன. எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், வண்டி மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும். ஏழாவது பேனரில் ஒரு எழுத்துப்பிழை இருக்கிறது, நண்பன் கண்ணில் இன்னும் படவில்லை.