துறைகளுக்கு முன் ஆசிரியர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய துறைகள், புதிய வளாகங்கள், கூடுதல் இடங்கள் என்று பல்கலைக்கழகங்கள் விரிவடையும் செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து படித்து வருகிறேன். பதிவாளர் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அச்செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். அத்துறைகளுக்கு எத்தனை நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் ஒப்பளிக்கப்பட்டன, அவற்றில் எத்தனை நிரப்பப்பட்டன என்பதே அது.

நான் பணியாற்றிய இடத்தில் ஒரே ஆண்டில் ஆறு துறைகள் தொடங்கப்பட்டன. ஆட்சிக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பை எழுதியவன் நான்தான். ஆறு தீர்மானங்களும் அரை மணி நேரத்தில் நிறைவேறின. 'பணியிடங்கள் பின்னர் முடிவுசெய்யப்படும்' என்ற வரி ஆறிலும் இருந்தது. அந்தப் 'பின்னர்' என் பணிக்காலம் முடியும்வரை வரவில்லை. மணிக்கணக்கில் ஊதியம் பெறும் விரிவுரையாளர்களை நம்பியே துறைகள் நடந்தன. ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கியைச் சுற்றி எட்டு மாணவர்கள் நின்றதையும், கடைசியாக நின்ற மாணவி தன் முறை வருவதற்குள் மணி அடித்துவிட்டதால் பக்கத்தில் இருந்தவளின் படத்தைப் பார்த்துத் தன் பதிவேட்டில் வரைந்துகொண்டதையும் நேரில் கண்டேன். அவள் இழந்தது எந்த ஆண்டறிக்கையிலும் பதிவாகவில்லை.

வளர்ச்சியை முன்கூட்டியே கணித்தவர்களுக்கும் இச்சிக்கல் நேர்ந்திருக்கிறது. 1958 முதல் 1967 வரை கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை கல்லூரி வயதை எட்டப்போவதை உணர்ந்து, 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் உருவாவதில் முன்னின்றார். பள்ளி முடிப்போரில் முதல் எட்டில் ஒரு பங்கினர் பல்கலைக்கழகத்திலும், முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளிலும், மற்றவர்கள் ஈராண்டுக் கல்லூரிகளிலும் சேரலாம் என்று அத்திட்டம் வகுத்ததால், சுமை முழுவதும் ஒரே நிறுவனத்தின் தலையில் விழவில்லை. ஆயினும் 1964-இல் அப்பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. அரசியல் நடவடிக்கைக்கு விதிக்கப்பட்ட தடைதான் உடனடிக் காரணம் என்றாலும், பதிவுக்குப் பயன்பட்ட துளை அட்டைகளைத் தங்கள் உடையில் குத்திக்கொண்டு, தாங்களும் இயந்திரத்தில் செலுத்தப்படும் அட்டைகளாகிவிட்டோம் என்று மாணவர்கள் காட்டியதை வெறும் கோபமாக ஒதுக்க முடியாது. பெரிய பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர் கவனிப்பாரின்றிப் போவதைக் கெர் தம் 1963-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் சுட்டியிருந்தார். நிறுவனம் பெருத்தாலும் மாணவருக்கு அது சிறியதாகவே தோன்ற வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1965-இல் திறக்கப்பட்ட அதே பல்கலைக்கழகத்தின் சாந்தா குரூஸ் வளாகம் சிறு சிறு உறைவிடக் கல்லூரிகளாகப் பிரித்து அமைக்கப்பட்டது. இவ்வளவு செய்தவரையும் 1967 ஜனவரியில் ஆட்சிமன்றம் பதவிநீக்கம் செய்தது. தலைமைப் பொறுப்பில் இருப்பவர் எத்தனை திசைகளிலிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

1857-இல் தோன்றி நெடுங்காலம் தேர்வு நடத்துவதையே முதன்மைப் பணியாகக் கொண்டிருந்த கல்கத்தா பல்கலைக்கழகத்தைக் கற்பிக்கும் நிறுவனமாக மாற்றிய, அதன் துணைவேந்தராக இருந்த அசுதோஷ் முகர்ஜி, கட்டடத்தைவிட ஆளைத் தேடுவதில்தான் அதிக அக்கறை காட்டினார் என்பது என் கருத்து. நிதித்துறை அலுவலராக இருந்த சி.வி. ராமன் 1917-இல் அங்கே இயற்பியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றது அந்த அக்கறையின் பயன்.

துணைவேந்தரின் பதவிக்காலம் குறுகியது. கட்டடம் அதற்குள் எழுந்துவிடும். நல்ல ஆசிரியரை நியமித்ததன் பயன் அந்தத் துணைவேந்தர் போன பின்னரே தெரியும். அதனால்தான் புதிய துறைக்கான கோரிக்கை வரும்போது, 'ஆசிரியர்கள் பொறுப்பேற்கும்வரை சேர்க்கை இல்லை' என்று சொல்லும் துணிவையும், அம்மறுப்பின் காரணத்தைக் கோப்பில் எழுதிவைக்கும் ஒழுங்கையும் அப்பதவியில் அமர்பவரிடம் எதிர்பார்க்கிறேன். காரணம் எழுதப்படாத மறுப்பை அடுத்து வருபவர் ஒரே கையெழுத்தில் நீக்கிவிடுவார்.

ஒவ்வொரு பல்கலைக்கழகமும் துறைவாரியாக ஒப்பளிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட பணியிடங்களின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்திலேயே வெளியிட வேண்டும். புதிய துறை தொடங்கப்படும் செய்தியை எழுதும்போது தங்கள் செய்தியாளர்களும் அந்த இரண்டு எண்களைக் கேட்டுப் பெற்று அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துணைப் பதிவாளர் ஒருவர்