‘சமாளிக்கிறம்’ என்று மட்டும் சொல்லிவிடாதேயும்

அன்புள்ள தங்கச்சி,

போன சனிக்கிழமை சிட்னி வென்ட்வேர்த்வில் மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் தெரிந்துகொண்டு நின்றபோது கேட்டீர்: "அக்கா, வாற கிழமை என்டிஐஎஸ்காரரோட மீட்டிங். என்ன கதைக்கிறது?" அதற்குள் ஆட்டிசம் உள்ள உம்முடைய மகன் அரிசி மூட்டை அடுக்கில் ஏறப் பார்த்தான், கதை பாதியில் நின்றுபோனது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். உம்மைப் போல இன்னும் நாலு பேர் வாசித்தாலும் நல்லதுதான். அவர்களுக்காக ஒரு வரி: என்டிஐஎஸ் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கு வேண்டிய உதவிக்குப் பணம் தரும் ஆஸ்திரேலிய அரசின் திட்டம்.

எங்களுடைய முதல் மீட்டிங் 2017 இல். என் மகனுக்கு அப்போது 8 வயது. நானும் இவரும் நல்ல உடுப்புப் போட்டு, மகனுக்கும் தலை இழுத்துவிட்டு, ஏதோ சம்பந்தம் பேசப் போகிற மாதிரிப் போனோம். வீட்டில் எப்படி என்று கேட்டார் அந்த அலுவலர். "சமாளிக்கிறம்" என்றேன். சாப்பாடு? "நான் தீத்திவிடுவன், பிரச்சினை இல்லை." நித்திரை? "இவரும் நானும் மாறி மாறி முழிச்சிருப்பம், பழகிப்போச்சு." அவரும் தலையாட்டித் தலையாட்டி எழுதினார். நான் சோதனை பாஸ் பண்ணின சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்தேன்.

எந்தெந்த உதவிக்குப் பணம் என்று சொல்லும் பிளான் வந்தபோதுதான் விளங்கியது. இரவு முழிப்பும் தீத்துவதும் குடும்பமே செய்யும் உதவி என்று எழுதப்பட்டிருந்தன. குடும்பமே செய்வதற்கு ஏன் காசு? 2013 ஆம் ஆண்டு என்டிஐஎஸ் சட்டம் ‘நியாயமானதும் அவசியமானதுமான’ உதவிக்குத்தான் பணம் தருகிறது. அதைத் தீர்மானிக்கும்போது, குடும்பத்திடம் எவ்வளவை எதிர்பார்க்கலாம் என்பதையும் பார்க்கிறது. அந்த அளவை என் வாயாலேயே கூட்டிச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

பொய் சொல்லச் சொல்லவில்லை, தங்கச்சி. வந்தவரிடம் வீட்டுக் கஷ்டத்தைக் கொட்டுவது மரியாதையில்லை என்றுதான் எங்களை வளர்த்தார்கள். பிள்ளையைப் பற்றிக் கேட்டால் அவன் செய்கிற நல்லதைச் சொல்வோம், மற்றதை விழுங்கிவிடுவோம். அந்த அறையில் இந்தப் பழக்கம் பிள்ளைக்கு எதிராக வேலை செய்யும். இன்றைக்கே ஒரு கொப்பி எடும். இரவு எத்தனை மணிக்கு எழும்பினான், எத்தனை பேர் பிடித்துக் குளிப்பாட்டினீர்கள், உம்முடைய முதுகு எப்போதிருந்து நோகிறது, எல்லாவற்றையும் எழுதும். வாய் கூசினால் கொப்பியைப் பார்த்து வாசியும்.

மூத்த மகளை மொழிபெயர்க்கக் கூட்டிப்போகிறேன் என்றீர். வேண்டாம். பதினொரு வயதுப் பிள்ளை தம்பி தன் கையைக் கடிப்பதையும் அம்மா குளியலறையில் அழுவதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டுமா? சொல்லவும் மாட்டாள், குறைத்துத்தான் சொல்லுவாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளும், உமக்குச் செலவில்லை. அவர்களுக்கு நீரே போன் எடுப்பதென்றால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையான 131 450 க்கு எடுத்து மொழிபெயர்ப்பாளர் ஊடாகக் கதைக்கலாம். தெரிந்த ஆளாக வந்து கதை வெளியே போய்விடும் என்ற பயமா? எனக்கும் இருந்தது. போன் வழியாக, வேறு மாநிலத்தில் இருப்பவராகப் பார்த்துத் தரச்சொல்லிக் கேட்டேன். ஒருமுறை தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் கிடைத்தார். ‘தீத்துறது’ என்றதும் மனுசன் தடுமாறிப்போனார். ‘ஊட்டுறது’ என்றேன், சரியாகிவிட்டது.

2024 இல்கூட இந்தத் திட்டத்தில் வேறு மொழி, வேறு பண்பாட்டுப் பின்னணி உள்ளவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான். எங்களைப் போல வந்து குடியேறியவர்கள் நிறைந்த வென்ட்வேர்த்வில் தெருவில் ஒருக்கால் நடந்து பார்த்துவிட்டு அந்தக் கணக்கை யோசியும்.

அப்புறம், "மகனுடைய இலக்கு என்ன?" என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி என்னைத் திணறடித்தது. எங்கள் வீட்டில் யாருக்குத் தனியாக இலக்கு இருந்தது? "அவன் நல்லா இருக்க வேணும்" என்றேன். அதை வைத்து அவர்களால் ஒன்றும் எழுத முடியாது. அடுத்தமுறை இப்படிச் சொன்னேன்: மேஸ் ஹில் முருகன் கோயிலில், மணி அடிக்கும்போது காதைப் பொத்திக்கொண்டு ஓடாமல் பூசை முடியும்வரை நிற்க வேண்டும். கோயிலெல்லாம் கணக்கில் வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. சமூகத்தில் பங்கெடுப்பது என்று ஒரு பகுதி இருக்கிறது, அதற்குள் அடங்கிவிட்டது. ஒரு உதவியாளர் கிழமைக்கு ஒருநாள் அவனோடு போனார். முதலில் வெளி வாசல், பிறகு கொடிமரம். இப்போது பிரசாதம் கையில் வரும்வரை நிற்கிறான். சர்க்கரைப் பொங்கலுக்காக என்றாலும் நின்றால் சரிதானே.

வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லி ஒருவர் சொன்னதாகவும் சொன்னீர். நிறுத்தாதேயும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சு பின்தங்கிப்போவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அம்மம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. தமிழையும் எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளையோடு யார் கதைப்பது?

அம்மம்மா பார்த்துக்கொள்வதற்குக் காசு கிடைக்குமா என்றும் கேட்டீர். மிக அரிதான நிலைமைகளைத் தவிர உறவினருக்குக் கொடுக்க மாட்டார்கள். அதில் நேரத்தைச் செலவழிக்காதேயும். வெளியாள் ஒருவர் வருவதற்கு மணித்தியாலம் கேளும். தமிழ் தெரிந்தவர், வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிறவர் வேண்டும் என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். "பெத்த பிள்ளையை அடுத்தவையிட்ட விடுறாள்" என்று ஒரு விசேஷ வீட்டில் என் காதுபடவே சொன்னார்கள். அன்றைக்கு நான் ஆறு மணித்தியாலம் தொடர்ந்து நித்திரை கொண்டிருந்தேன், அதனால் கோபம்கூட வரவில்லை.

மீட்டிங் செவ்வாய்க்கிழமைதானே? திங்கள் பின்னேரம் கொப்பியோடு வாரும், ஒருக்கால் சொல்லிப் பார்ப்போம். மகனையும் கூட்டி வாரும். எங்கள் வீட்டிலும் அரிசி மூட்டை இருக்கிறது, ஏறட்டும்.

அன்புடன்,
அக்கா