தொண்டர்களுக்குத் தமிழிலும் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் இளைப்பாறிய ஆசிரியை. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் குடியிருக்கிறேன். வீட்டில் நாய் இல்லை. ஒழுங்கையில் ஐந்து நிற்கின்றன. அவற்றால்தான் விலங்கு நலத் தொண்டு நிறுவனம் ஒன்றின் தொண்டர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

இரண்டு சனிக்கிழமைகள். பழக்க வந்த மிருக வைத்தியர் கெட்டிக்காரர், பொறுமைசாலி. ஆனால் விளக்கம் முழுக்கச் சிங்களம், திரையில் ஓடியது ஆங்கிலம். நான் ஒருமாதிரிச் சமாளித்தேன். பக்கத்தில் இருந்த நால்வர் பாடுதான் பாவம்: கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த உயர்தர மாணவிகள் மூவர், மட்டக்களப்பிலிருந்து வந்து புடவைக்கடையில் வேலை செய்யும் பிள்ளை ஒன்று. காதுக்குள் குசுகுசுத்து மொழிபெயர்ப்பது என் வேலையாயிற்று.

நாய் உறுமினால்தான் கோபம் என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே அது சொல்லிவிடுகிறது: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், நித்திரை வராமலே கொட்டாவி விடும், கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரியும். வைத்தியர் இதைச் சொல்லும்போது நான் இரண்டு வசனம் பின்னுக்கு நின்றேன். அதற்குள் புடவைக்கடைப் பிள்ளை, பயிற்சிக்கென்று கொண்டுவந்திருந்த மண்ணிற நாயின் முன் நேரே குந்தித் தலையைத் தடவக் கை நீட்டிவிட்டாள். நாய் கொட்டாவி விட்டது. "நித்திரை வருது அன்ரி" என்று சிரித்தாள். அடுத்த கணம் சல்வாரின் கைநுனி அதன் வாயில். தோலில் பல் படவில்லை, நல்லகாலம். நாயிலும் பிழையில்லை, பிள்ளையிலும் பிழையில்லை.

இரண்டாம் சனிக்கிழமை பாதி நேரம் சட்டத்துக்குப் போயிற்று. விலங்கு வதை பற்றிய 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம், அதிலுள்ள 100 ரூபா தண்டம். (இன்று 100 ரூபாவுக்கு ஒரு பிளேன் ரீயும் வடையும் வருமோ தெரியாது.)

பிறகு எங்களைத் தமிழ்ப் பாடசாலை ஒன்றுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழும்பி, "ரீச்சர், நாய் கடிச்சா அம்மம்மா கோப்பித்தூள் வைப்பா, சரியா?" என்று கேட்டான். எங்கள் மாணவிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். விடை அவர்கள் பையிலிருந்த சிங்களத் தாளில் இருந்தது! சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, தாமதிக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும்; விசர்நோய்க்குறி தெரியத் தொடங்கினால் பிழைப்பது அரிது. 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்று காட்ட அவனைக் குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கையைக் கழுவச் சொன்னேன். மூன்றாம் நிமிடத்திலேயே "போதுமா ரீச்சர்?" என்றான். அந்த வகுப்பு இனி மறக்காது.

பிள்ளைகளை விடப் பெரியவர்கள் கஷ்டம். எங்கள் ஒழுங்கை அம்மா ஒருவர், "குட்டி போடவிடாமல் வெட்டிறது பாவம் இல்லையா பிள்ளை?" என்று கேட்டார். பின்னேரங்களில் ரயில் பாதையோரம் உரப்பையில் கட்டி எறிந்துவிட்டுப் போன குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். பேசாமல் இருந்தார், மறுநாள் வெள்ளைப் பெட்டையைப் பிடிக்கத் தானே சோறு கொண்டுவந்தார். இன்னொருவர், எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டுபோய்த் தூர விடச் சொன்னார். இடம் காலியானால் வேறு நாய் வரும், அதற்குத் தடுப்பூசி போட்டிருக்குமா என்று கேட்டேன். இந்தக் கதைகளுக்குப் பயிற்சியில் ஒரு நிமிடமும் ஒதுக்கவில்லை. வலை பிடிக்கப் பழக்கினார்கள், வாசலில் நின்று கதைக்கப் பழக்கவில்லை.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. கொழும்பில் இப்படிப் பயிற்சி நடத்துவோர் தமிழ் தெரிந்த ஒருவரையாவது பக்கத்தில் வைத்திருக்கட்டும், அந்த இரண்டு பக்கத் தாளைத் தமிழில் அச்சடிக்கட்டும். எழுதித்தர நான் ஆயத்தம். பிழை பார்க்கத் தமிழ் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவர் முன்வந்தால், சனிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
இளைப்பாறிய ஆசிரியை,
கொழும்பு 06